நகலில் நான் விட்ட கட்டம்

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் முப்பது வருடத்துக்குச் சற்று அதிகமாக டைம் கீப்பராக இருந்தேன். ஒரு பஸ் எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுவது வேலை. தாமதமாக வந்தால் ஏன் என்று டிரைவரைக் கேட்டு அதையும் எழுத வேண்டும். அதற்கென்றே பதிவேட்டின் கடைசியில் அகலமான ஒரு கட்டம் உண்டு, தலைப்பு ‘காரணம்’. உளுந்தூர்பேட்டையில் லாரி கவிழ்ந்தது, திருக்கோவிலூர் பாலத்தில் தேர்க் கூட்டம், டயர் பஞ்சர் என்று ஆயிரக்கணக்கான காரணங்களை அதில் எழுதியிருக்கிறேன். எதையும் நான் நேரில் பார்த்ததில்லை. டிரைவர் சொன்னார், எழுதினேன்.

வீட்டிலும் டைரி எழுதுகிறேன். பத்தொன்பது வயதில் ஆரம்பித்தது. மழை பெய்த நேரம், கரண்ட் போன நேரம், படித்து முடித்த புத்தகம், வந்து போனவர்கள். என் மனைவி கேலி செய்வாள்: “நான் எத்தினி மணிக்கு ஒல வெச்சேன்னு கூட அதுல இருக்கும். வெந்துச்சா வேகலையான்றது மட்டும் இருக்காது.” அவள் சொல்வது ஓரளவு சரி. என் தங்கையின் கல்யாணத்துக்குப் போய்வந்த நாளின் பக்கத்தில், மலையிலிருந்து நாங்கள் இறங்கிய பஸ்ஸின் நேரம் மட்டும்தான் இருக்கிறது. கல்யாணத்தைப் பற்றி ஒரு வரி இல்லை.

தங்கை என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். கல்வராயன் மலையில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை கிடைத்துப் போனவள், அங்கேயே ஒருவரை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டாள். அவர் மலைக் குடியைச் சேர்ந்தவர். சாமையும் மரவள்ளியும் பயிரிடுகிற குடும்பம். நான் வேண்டாம் என்றேன். நாலு ஏக்கர் நிலம் இருக்கிறது என்பதாலேயே எங்களை ஏதோ உயர்ந்தவர்களாக நினைத்துக்கொண்டிருந்த காலம். அவள் கேட்கவில்லை. நானும் ஒரு விருந்தாளியைப் போலப் போய் உட்கார்ந்துவிட்டு அன்றே திரும்பிவிட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நாலு வயதானபோது தங்கைக்குக் கள்ளக்குறிச்சிக்கு மாற்றல் வந்தது. அவரால் நிலத்தை விட்டு இறங்க முடியவில்லை. அவளால் வேலையை விட முடியவில்லை. போகவர இருக்கலாம் என்று ஆரம்பித்தது, போகவில்லை வரவில்லை என்று சண்டையானது. யார் பக்கம் நியாயம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. தங்கை குழந்தையுடன் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் அப்போது ஓய்வு பெற்றிருந்தேன். எனக்கும் மனைவிக்கும் பிள்ளை இல்லை. அந்தக் குழந்தை வந்த மூன்றாம் நாளிலிருந்து மாலையில் என்னோடு பஸ் நிலையத்துக்கு நடக்க ஆரம்பித்தது. நின்றிருக்கும் பஸ்களின் ஊர்ப் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தே தமிழ் படிக்கக் கற்றது. ‘எலவனாசூர்கோட்டை’யை முதல்முறை தடங்கல் இல்லாமல் படித்த நாளும் நேரமும் டைரியில் இருக்கிறது.

அடுத்த வருடம் தங்கை கணவர் கோர்ட்டில் மனுப் போட்டார். குழந்தை தன்னிடம் வேண்டும். இல்லையென்றால் சனிக்கிழமைகளிலும் பள்ளி விடுமுறையிலுமாவது தன்னோடு மலையில் இருக்க வேண்டும் என்று.

இந்த மாதிரி வழக்கைப் பற்றி நான் நூலகத்தில் உட்கார்ந்து நிறையப் படித்தேன். அப்பாவின் உரிமை, அம்மாவின் உரிமை என்பதையெல்லாம் விடக் குழந்தையின் நலன்தான் முதலில் என்று எல்லாப் புத்தகத்திலும் இருந்தது. குழந்தையை யார் குளிப்பாட்டுகிறார்கள், பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம், காய்ச்சல் வந்தால் யார் விழித்திருக்கிறார்கள், சொன்ன சொல்லை யார் காப்பாற்றுகிறார்கள் என்றெல்லாம் கோர்ட் பார்க்கும். வழக்கு முடியும்வரை ஓர் இடைக்கால ஏற்பாடு செய்வார்கள். எங்களுக்குச் செய்தது இது: மாதத்தில் இரண்டாம் சனி, நான்காம் சனி, காலை பத்து மணிக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்து குழந்தையை அழைத்துப் போகலாம், மாலை ஐந்து மணிக்குக் கொண்டுவந்து விட வேண்டும்.

“அண்ணா, அவரு வர்ற டைம், போற டைமெல்லாம் எழுதி வையி. வக்கீல் கேட்டாரு,” என்றாள் தங்கை. அவளுக்கு ஒரே பயம்தான். ஒருநாள் மலைக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டுத் திருப்பி அனுப்பாமல் இருந்துவிடுவாரோ என்று.

எழுதி வைக்க என்னைப் போல ஆள் கிடைக்குமா?

மலையிலிருந்து அதிகாலை கிளம்பும் முதல் பஸ் சரியாக ஓடினால் அவர் ஒன்பதரைக்கே எங்கள் தெருவுக்கு வந்துவிடுவார். வந்தாலும் பத்து அடிக்கும்வரை எதிர்ப்பக்கப் பெட்டிக்கடையில் நிற்பார். ஆனால் அந்தப் பஸ் சரியாக ஓடுகிற பஸ் இல்லை என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது. அது ஓடாவிட்டால் அடுத்தது மத்தியானம்தான். மேலே பாதி இடத்தில் போனில் டவரும் கிடைக்காது.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை. குழந்தை எட்டரைக்கே குளித்துப் பாவாடை கட்டிக்கொண்டு கேட்டருகில் நின்றாள். பத்தரைக்குப் பாவாடை தரையில் புரள உட்கார்ந்தாள். பதினொன்றரைக்கு உள்ளே வந்து சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பன்னிரண்டு இருபதுக்கு அவர் வந்தார். முழங்கால் வரை சேறு.

“பத்து மணின்னா பத்து மணி,” என்றேன்.

“மேல மரம் வுழுந்துடுச்சி மச்சான். பஸ்ஸு வரல. நடந்து வந்து, அப்பறம் தக்காளி வண்டி ஒண்ணுல தொத்திக்கினு வந்தேன்.”

“எங்களுக்குந்தான் மழ பேஞ்சுது.”

“பேஞ்சிருக்கும். ஒங்க தெருவுல மரம் வுழலியே,” என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை. தங்கை அவரை வாசலிலேயே நிற்கவைத்தாள். குழந்தை எழுந்து வர இன்னும் கால் மணி நேரம் ஆனது.

அவர்கள் போனதும் பஸ் நிலையத்துக்குப் போன் செய்தேன். என் இடத்தில் இப்போது இருக்கும் டைம் கீப்பர் எடுத்தார். “ஆமா சார், மலை வண்டி வரல. மரம் வுழுந்து ரோடு பிளாக்கு. இன்னா சார், இன்னும் டூட்டியிலதான் இருக்கீங்களா?” என்று சிரித்தார்.

டைரியில் எழுதினேன்: வர வேண்டியது 10.00, வந்தது 12.20, காரணம், மலைச்சாலையில் மரம் விழுந்து பஸ் இல்லை, பஸ் நிலையத்தில் விசாரித்து உறுதி செய்தது.

அவர் வரும் சனிக்கிழமையெல்லாம் இப்படித்தான் எழுதினேன். அவர் தாமதமாக வந்த நாளெல்லாம் நான் போன் செய்தேன். அவர் சொன்ன காரணம் ஒருநாள்கூடப் பொய்யாக இல்லை. புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை அவர் வரவே இல்லை. அன்று மண் சரிந்து மலைக்கும் கீழுக்கும் போக்குவரத்தே இல்லை. அதுவும் எழுதியிருக்கிறது.

சாட்சி சொல்ல நாள் வந்தபோது எங்கள் வக்கீல் என் டைரியைப் புரட்டிப் பார்த்தார். “கையெழுத்து அச்சு மாதிரி இருக்கு சார். ஆனா இதுல மழை, கரண்ட்டு, ஒங்க பிரஷர் மாத்திரை எல்லாம் கலந்துகினு இருக்குது. குழந்த விஷயத்த மட்டும் தனியா நகல் எடுத்துக் குடுங்க.” அவ்வளவுதான் சொன்னார். வேறு எதையும் அவர் சொல்லிக் கொடுக்கவில்லை. இதைத் தெளிவாக எழுதிவிட வேண்டும்.

பெரிய தாளை எடுத்து ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டேன். நாள். வர வேண்டிய நேரம். வந்த நேரம். தாமதம். திரும்ப விட்ட நேரம். அடுத்த கோட்டுக்கு ஸ்கேலை வைத்தேன். பிறகு ஸ்கேலை எடுத்துவிட்டேன்.

என்ன நினைத்தேன் என்று இப்போது நல்லபடியாகச் சொல்ல முயன்றால் அது இன்னொரு பொய்யாகிவிடும். குழந்தை சுவரைப் பார்த்துப் படுத்திருந்தது நினைவில் இருந்தது, அது உண்மை. ஆனால் அதைவிட, கோடை விடுமுறை முழுக்க அவள் மலையில் இருந்தால் மாலையில் நான் யாரோடு நடப்பது என்ற கேள்விதான் பெரிதாக இருந்தது. மலைக்காரன் ஒருவன் என் தங்கையைக் கொண்டுபோனான் என்ற பழைய எரிச்சலும் இருந்தது. அப்போதெல்லாம் மனதில் அவரை நான் அவன் என்றுதான் சொல்லிக்கொள்வேன்.

மனைவி தாளை எட்டிப் பார்த்தாள். “காரணம் எங்க?”

“அது அவன் சொல்றது. நான் கண்ணால பாத்தது இல்ல.”

“டிரைவருங்க சொன்னதையெல்லாம் எழுதினீங்களே, அதெல்லாம் நீங்க ஓடிப் போயி பாத்துட்டா வந்தீங்க?”

“ஒனக்கு கோர்ட்டு விவகாரம் தெரியாது. உள்ள போ.”

போனாள்.

கோர்ட்டில் தாளைக் கொடுத்தேன். தங்கை கணவருடைய வக்கீல் இளைஞர். இது எதிலிருந்து எழுதியது என்று கேட்டார். நான் கைப்பட எழுதியது, ஒரு நிமிடம்கூடக் கூட்டிக் குறைக்கவில்லை என்றேன். அசலைக் காட்டு என்று அவர் கேட்கவில்லை. கேட்காததற்கு என் வெள்ளைச் சட்டையும் முப்பது வருட சர்வீஸும்தான் காரணமாக இருக்க வேண்டும். நீதிபதி ஒரு பெண்மணி. கட்டங்களை விரலால் ஓட்டிப் பார்த்துவிட்டு அவரே கேட்டார்: “ஏன் லேட்டுன்னு அவர் உங்ககிட்ட எதுவும் சொன்னாரா?”

“சொன்னதா ஞாபகம் இல்லைங்க,” என்றேன்.

எதிரே நின்றிருந்த தங்கை கணவரை அப்போது பார்த்தேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, சொன்னோமா சொல்லவில்லையா என்று யோசிப்பவர் போல நின்றிருந்தார். எழுதி வைக்கிற மனிதன் சொல்கிறானே, நமக்குத்தான் மறந்துவிட்டதோ என்று தன்னையே சந்தேகப்பட்டார். அந்த முகத்தை நான் டைரியில் எழுதவில்லை.

குழந்தையை நீதிபதி தன் அறைக்குள் தனியாக அழைத்துப் பேசினார். தலை யார் பின்னுவார்கள், என்ன பிடிக்கும் என்றெல்லாம் கேட்டாராம். அப்பாவைப் பிடிக்குமா என்றதற்குப் பிடிக்கும் என்றாளாம். அப்பா எப்போது வருவார் என்றதற்கு, “லேட்டாத்தான் வருவாரு, அவருக்கு டைமே தெரியாது,” என்றாளாம். அவளே வெளியே வந்து பெருமையாக எங்களிடம் சொன்னாள். அவருக்கு டைமே தெரியாது என்பது என் வாக்கியம். காபி குடித்துக்கொண்டு நான் பலமுறை சொன்னது.

குழந்தை அம்மாவிடமே இருக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அது என் தாள் இல்லாமலே வந்திருக்கும். வயது, பள்ளி, இதுவரை வளர்த்தவள் என எல்லாம் தங்கை பக்கம் இருந்தன. ஆனால் விடுமுறையில் மலைக்கு அனுப்புவது மறுக்கப்பட்டது. மாதம் இரண்டு சனிக்கிழமை என்பது மாதம் ஒன்றானது. பத்திலிருந்து ஐந்து என்பது, கோர்ட் வளாகத்தில் ஓர் அறையில் இரண்டு மணி நேரமானது. பஸ் வரவில்லை என்று அவர் சொன்னதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை என்றும், குழந்தையைக் காக்கவைத்து ஏமாற்றுகிற ஒழுங்கின்மை அதன் மனதுக்கு நல்லதல்ல என்றும், தாய்மாமனின் குறிப்புகள் நம்பத்தக்கவை என்றும் எழுதியிருந்தது. அந்தக் கடைசி வரியை நாலு முறை படித்தேன். அன்றைய பக்கத்தில் அதை நகலெடுத்தும் வைத்தேன். பெருமைப்பட்டேன். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதன் பிறகு அவர் ஒருநாள்கூடத் தாமதமாக வரவில்லை. கோர்ட் திறக்கும் முன்பே வாசலில் நிற்பார். திருந்திவிட்டான் என்று தங்கையிடம் சொன்னேன். மூன்றாவது மாதமோ நான்காவது மாதமோ, பஸ் நிலையத்தில் டைம் கீப்பர் என்னைப் பார்த்துக் கேட்டார்: “ஒங்க மச்சானா சார் அது? வெள்ளிக்கெழம கடைசி வண்டிலயே எறங்கிடறாரு. பெஞ்சு மேல படுத்துக்கினு இருக்காரு. வூட்டுக்குப் போங்களேன்னு சொன்னா, இல்லீங்க, அங்க போவக்கூடாதுங்கன்றாரு.”

எங்கள் வீடு அந்தப் பெஞ்சிலிருந்து நடந்தால் பன்னிரண்டு நிமிடம்.

அன்றே சொல்லியிருந்தால் நான் கொஞ்சம் நல்ல மனிதன். சொல்லவில்லை. இன்னும் ஐந்து மாதம் ஆனது. கோர்ட்டில் பொய் சொன்னதற்கு ஜெயில் உண்டா என்று முதலில் நூலகத்தில் தேடிப் படித்தேன். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவளும் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டாள். ஒரு சனிக்கிழமை, “இன்னிக்கு நான் போவல மாமா, கார்ட்டூன் பாக்கணும்,” என்றாள். தங்கை அவளைக் கட்டாயப்படுத்திக் கிளப்பினாள். கோர்ட் அறையில் அவர் கொண்டுவந்த கொய்யாப்பழத்தை வாங்கிக்கொண்டு, “நீங்க சாப்புட்டீங்களா?” என்று அவரைக் கேட்டாள். வீட்டுக்கு வரும் விருந்தாளியைக் கேட்பது போல, ரொம்ப மரியாதையாக. முன்பெல்லாம் நீ, வா, போ என்று அவர் தோளில் ஏறிக்கொண்டிருந்தவள். அவர், “சாப்புட்டம்மா,” என்றார்.

அன்று சாயங்காலம் தங்கையை உட்காரவைத்து அசல் டைரியைக் காட்டினேன். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று பக்கங்களைத் திருப்பினாள்.

“இதெல்லாம் அப்பவே தெரியுமா ஒனக்கு?”

“தெரியும்.”

“டைம எழுதி வையின்னுதான் சொன்னேன். இப்டி செய்யின்னு நான் சொன்னனா? எனுக்கோசரம் செஞ்சேன்னு மட்டும் சொல்லிடாத.” பிறகு மறுபடி ஆடிப் பக்கத்துக்குத் திருப்பினாள். கடைசியில், “சேறோட வந்த மனுஷன வாசல்லயே நிக்க வெச்சேன்,” என்றாள், தனக்குத்தானே.

அடுத்த முறை கோர்ட் வளாகத்தில் அவரிடம் டைரியை நீட்டினேன். பக்கத்தைத் திறந்து விரலால் காட்டினேன். நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு, “அப்ப நான் சொல்லித்தான் இருக்கேன்,” என்றார். அவருக்கு முதலில் தோன்றியது அதுதான்.

“நான் எழுதிக் குடுத்தது தப்பு.”

“தப்பு இன்னா மச்சான், நான் லேட்டாத்தான வந்தேன். டைமெல்லாம் சரியாத்தான் போட்டிருந்தீங்க.” குத்திக் காட்டுகிறாரா என்று பார்த்தேன். இல்லை. குத்திக் காட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

குழந்தை சம்பந்தப்பட்ட உத்தரவு எதுவும் முடிந்த முடிவில்லை. நிலைமை மாறினால் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். அவர் கேட்டார். தங்கை எதிர்க்கவில்லை. நான் பிரமாணப் பத்திரம் கொடுத்துக் கூண்டில் ஏறினேன். அதே நீதிபதி. ஏன் அன்று மறைத்தீர்கள் என்று கேட்டார். குழந்தை எங்கள் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று நினைத்தேன் என்றேன். என்மேல் நடவடிக்கை எடுக்க முடியும் என்பது தெரியுமா என்றார். தெரியும் என்றேன். “நான் உங்க கட்டங்களை நம்பினேன்,” என்றார். குரலை உயர்த்தவில்லை. எச்சரித்து அனுப்பினார்.

புதிய உத்தரவு படிப்படியாக இருந்தது. விட்டுப் போன பழக்கத்தை ஒரே நாளில் திணிக்கக் கூடாது என்று முதல் இரண்டு மாதம் கள்ளக்குறிச்சிக்குள்ளேயே பகல் பொழுது. பிறகு ஒருநாள் மலைக்குப் போய்த் திரும்புவது. அது சரியாக நடந்தால் விடுமுறையில் தங்குவது. பஸ் தவறினால் எத்தனை மணி வரை காத்திருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது.

மலைக்குப் போகிற முதல் சனிக்கிழமை பஸ்ஸின் படியில் நின்றுகொண்டு குழந்தை ஏற மாட்டேன் என்றாள். “மாமா வந்தாத்தான்,” என்றாள். தங்கை என்னைப் பார்த்தாள். அவர் என்னைப் பார்த்தார். “வாங்க மச்சான், ஏறுங்க,” என்றார். அவருடைய நாள் அது. வேண்டாம் என்று இறங்கி நிற்க வேண்டியவன் நான். அவள் அழ ஆரம்பித்ததால் ஏறினேன். ஜன்னல் பக்கம் அவர், நடுவில் குழந்தை, இந்தப் பக்கம் நான்.

கச்சிராயபாளையம் தாண்டி ஏற்றம் ஆரம்பித்தது. மூன்றாவது வளைவில் அவள் முகம் வெளுத்தது. நான்காவதில் வாந்தி எடுத்தாள். அவர் தோள் துண்டைச் சட்டென்று விரித்து அதில் ஏந்தினார். சட்டையிலும் கொஞ்சம் பட்டது. கண்டக்டர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார்.

“இன்னாங்க, கொழந்த மலைக்குப் புதுசா?”

அந்த மலையில் பிறந்தவள். தங்கை இந்த வளைவுகளில் அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாரத்துக்கு இரண்டு முறை ஏறி இறங்கியிருக்கிறாள். குழந்தை அசையாமல் தூங்குவாள் என்று சொல்வாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் பதில் சொன்னார்.

“ஆமாங்க. புதுசு.”

பிறகு அவள் வாயைக் கழுவினார். சட்டையின் நல்ல ஓரத்தால் முகத்தைத் துடைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டே சாய்ந்தாள், என் மடியில். மெதுவாகத் தூக்கி அந்தப் பக்கம் மாற்றிவிடலாம் என்று அவள் தலைக்கடியில் கையைக் கொடுத்தேன்.

“வேணாம் மச்சான்,” என்றார் அவர். “தூங்கட்டும். எழுப்பாதீங்க.” நனைந்த துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, வெள்ளிமலை வரும்வரை அவள் காலில் கழன்றிருந்த செருப்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.